மாமா நிறுத்திவைத்த மின்தடை

கம்ப்யூட்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். புதுப்பிக்கட்டுமா, வேண்டாமா? ஆமாம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. அந்த இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சூடாகிறது. சாப்பிடும்போது நினைவு வந்துவிட்டால் பிசைந்த கை அப்படியே நின்றுவிடும். மனைவி பார்ப்பாள், எதுவென்று அவளுக்குத் தெரியும், கேட்கமாட்டாள்.

போனில் வாரம் ஒருமுறை வந்து தொல்லை செய்கிற புதுப்பிப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருப்பேன். இது வேறு. கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிற பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருள். சுவிட்சைப் போட்டவுடன் முதலில் கண் விழிப்பது அதுதான். அது விழித்து மற்றவற்றைத் தட்டி எழுப்பினால்தான் திரையில் எதுவும் வரும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிற அந்தச் சில நிமிடத்துக்குள் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

இவ்வளவு ஆபத்தில் கைவைக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏன் வந்தது என்றால், வேலை போய்விட்டது. பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், தலை நரைக்கிற வரைக்கும் இருந்தேன். ஒரு நாள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, தோளில் தட்டி, போய் வாருங்கள் என்றார்கள். அதன்பிறகு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒரே ஒரு கம்பெனிதான் பதில் போட்டது. வீட்டிலிருந்தே பரீட்சை எழுத வேண்டும். கேமரா முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. அதற்கென்று ஒரு மென்பொருளை அனுப்பியிருந்தார்கள். அதை என் கம்ப்யூட்டரில் திறந்தால், இந்த மெஷினில் பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது. தோண்டிப் பார்த்ததில், அந்த வசதி என் மதர்போர்டில் இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கிற சாவி புதிய பயாஸில்தான் வருகிறது என்று தெரிந்தது. பரீட்சை மறுநாள் காலை.

வேறு கம்ப்யூட்டரில் எழுதலாமே என்று தோன்றும். மனைவி வேலை செய்கிற கல்லூரியில் கொடுத்த லேப்டாப்பில் வெளி மென்பொருள் எதையும் ஏற்றவிடமாட்டார்கள். நண்பர்களிடம் கேட்கலாம், எதற்கு என்று கேட்பார்கள். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று அவளுடைய சம்பளத்தைக் காட்டி அவளிடமே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது போதாதென்று மாமா வந்திருந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறவர். ஒரு கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முடிந்து, மருந்து விடவும் மறுபடி டாக்டரிடம் காட்டவும் வசதி என்று மகள் வீட்டில் வந்து இருந்தார். வெயில் ஆகாது, தூசி ஆகாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். நான் அறையைவிட்டு வெளியே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். உட்காருங்க மாமா என்று நூறு தடவை சொல்லியும் பயனில்லை. மாப்பிள்ளைக்கு எழாமல் இருக்க அவருடைய கால்களுக்குத் தெரியாது.

வந்த முதல் நாள் காலையில் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இன்னைக்கு ஆபீஸ் போகலீங்களா?"

சொல்லியிருக்கலாம். வேலை போச்சுங்க மாமா என்று மூன்றே வார்த்தை. வேலை போவது குற்றமில்லை, ஊரில் யாருக்கும் போகாததில்லை. நான் சொன்னது இது: "ஊட்டுல இருந்தே வேலைங்க மாமா. இப்ப ஒரு மீட்டிங் இருக்குதுங்க."

சமையலறையில் மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் சொன்னாள்: "நான் அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க." பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி.

அன்று முதல் அந்த வீட்டில் மீட்டிங் என்பது சாமி மாதிரி ஆகிவிட்டது. நான் காலையில் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். மாமா டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, செய்தி வாசிக்கிறவர் வாயசைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். போன் வந்தால் பால்கனிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார். "மாப்பிள்ளை மீட்டிங்ல இருக்காருங்க, அப்புறமாக் கூப்புடறனுங்க." உள்ளே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், வேலை விளம்பரங்களைப் பார்ப்பேன். அது சலித்தால் சும்மா இருப்பேன். ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்று, இருண்டு கிடக்கிற திரையைப் பார்த்து "யெஸ், யெஸ், ஷூர், வில் டூ" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன், தினமும் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டில் மாமா மகளிடம் சொல்வார்: "மாப்பிள்ளை இங்கிலீசுல பேசறது கேக்கவே நல்லா இருக்குது அம்மணி."

ஒரு நாள் தக்காளி விற்கிற லோடு ஆட்டோ ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவில் வந்து நின்றது. சற்று நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால் சமையல் மேடையில் ஒரு பெரிய பை நிறையத் தக்காளி. மாமா கீழே இறங்கிப் போய், மீட்டிங் நடக்கிறது என்று சொல்லி ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சும்மா நிறுத்தச் சொல்லக்கூடாதே என்று அவ்வளவு தக்காளியையும் வாங்கியிருக்கிறார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். தக்காளித் தொக்குச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. எங்கள் பகுதியில் இன்று மின்தடை உண்டா என்று பேப்பரில் பார்த்தேன், ஊர்ப்பெயர்களின் அந்த நீளமான வரிசையில் எங்கள் பக்கம் இல்லை. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்குகிற யுபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி உப்பிப்போய் எவ்வளவோ காலமாயிற்று. அதைக் கால் வைத்துக்கொள்ளும் பலகையாகத்தான் வைத்திருந்தேன். வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும். வயரிங் செய்தபோது இந்த அறையின் பிளக்கையும் சேர்க்கட்டுமா என்று எலக்ட்ரீசியன் கேட்டார். வேண்டாம், வீண்செலவு என்று சொன்னவன் நான்தான்.

மனைவி கல்லூரிக்குப் போன பிறகு மாமாவிடம் சொன்னேன்: "மாமா, இன்னைக்கு ரொம்ப முக்கியமான மீட்டிங்குங்க. நானா வெளிய வர்ற வரைக்கும் கதவத் தட்டாதீங்க."

"தட்டுவனுங்களா மாப்பிள்ளை? நீங்க போயி நிம்மதியாப் பாருங்க," என்றார்.

கதவைச் சாத்தினேன். தரவிறக்கிய பயாஸ் கோப்பை பென்டிரைவில் போட்டு, மெஷினை மறுபடி ஆன் செய்து, பயாஸ் இருக்கிற நீலத்திரைக்குள் போனேன். என்னுடைய போர்டின் பெயரையும் கோப்பின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. மேலே சிவப்பு எழுத்தில், நடுவில் நிறுத்தாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள் என்று ஒரு மிரட்டல்.

அமுக்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் இருந்தபோது இதே வேலையை எத்தனையோ மெஷின்களுக்குச் செய்திருக்கிறேன். ஒரு கையில் காபியை வைத்துக்கொண்டு மறு கையால் அமுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவனோடு அரட்டை அடிக்கப் போய்விடுவேன். ஒன்றிரண்டு செத்தும் போயிருக்கின்றன. வேறு போர்டு வந்தது, மாட்டினோம், யாரும் கேட்கவில்லை. கம்பெனிச் சொத்து என்றால் விரலுக்குப் பயமே தெரியாது. சொந்தத்தில் ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் போனால் மறுநாள் பரீட்சையும் போகும் என்ற நிலை வந்தபோதுதான், என்னுடைய தைரியம் முழுவதும் கம்பெனி கொடுத்தது, திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது என்று புரிந்தது.

போனை எடுத்து, இதே போர்டை வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினேன். அது பெரிய தப்பு. ஒருவர், பயமே வேண்டாம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றிருந்தார். அடுத்தவர் செத்துப்போன தன் போர்டைப் படம் எடுத்துப் போட்டு, அதன் கீழே அழுதிருந்தார். மூன்றாமவர், ஓடுகிற மெஷினில் ஏன் கை வைக்கிறீர்கள், புத்தியில்லையா என்று எல்லோரையும் திட்டியிருந்தார். நான் மூன்று பேர் சொல்வதும் சரி என்று மாறி மாறி நினைத்தேன். மவுஸின் அம்புக்குறியை ஆமாம் மேல் கொண்டுபோய் வைப்பேன். அப்போது எங்கேயோ ஒரு கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்கும், மின்கம்பிமேல் விழுந்து கரண்ட் போய்விடுமோ என்று எடுத்துவிடுவேன். பிறகு மனைவி மாதக் கடைசியில் தன் போனில் கணக்கில் மிச்சமிருக்கிற பணத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அதைக் கவிழ்த்து வைப்பது நினைவுக்கு வரும், திரும்பவும் கொண்டுபோய் வைப்பேன். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை என்று முடித்திருக்கலாம். நான் எதையும் செய்யாமல் இருப்பதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நடுவில் பழக்கதோஷத்தில் "யெஸ், யெஸ்" என்றும் ஒருமுறை சொன்னேன்.

நாக்கு வறண்டு போயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரு முடிவு எடுப்போம் என்று கதவைத் திறந்தேன்.

ஹாலில் மாமா இல்லை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. கண்ணில் மருந்து விட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது, மருந்துக் குப்பி மேசையிலேயே இருந்தது. செருப்பைக் காணோம். பால்கனிக்கு ஓடினேன்.

மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு லாரி, நீள ஏணி, கத்தி கட்டிய மூங்கில். கம்பிமேல் சாய்ந்திருந்த புங்கமரத்தை வெட்ட லைன்மேன்கள் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் வெட்டவில்லை. எல்லோரும் அந்த மரத்தின் நிழலிலேயே கையில் டீ டம்ளரோடு குந்தியிருந்தார்கள். மாமா மட்டும் உட்காரவில்லை. கரண்ட்டை நிறுத்துகிற பெட்டிக்கு முன்னால், உச்சி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரும் அதைத் தொட்டுவிடக்கூடாது என்பதுபோல நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். முடிந்ததா என்று கையாலேயே கேட்டார். குந்தியிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று படியிறங்கும்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கீழே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தண்டனையும் மிச்சமிருந்தது. அவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார்.

"மீட்டிங் முடிஞ்சுதுங்களா சார்?"

"முடிஞ்சுதுங்க," என்றேன். அப்போதுகூட அதைத்தான் சொன்னேன்.

"பெரியவர் ஓடியாந்து கையப் புடிச்சுக்கிட்டாருங்க. மாப்பிள்ளைக்கு முக்கியமான மீட்டிங், இப்பக் கரண்டப் புடுங்கிப்போட்டா அவரு வேலைக்கே கெடுதலாப் போயிருமுன்னாரு. சரி, ஒரு மீட்டிங்தானேன்னு நின்னமுங்க. அடுத்த தெருவுக்கு வேற போகோணும். பரவால்லீங்க."

"தம்பிங்க தங்கமானவிங்க மாப்பிள்ளை," என்றார் மாமா. "உங்களுக்குச் சொல்லலாமுன்னுதான் கதவுக்கிட்ட வந்தனுங்க. தட்டினா இடைஞ்சலாப் போயிருமேன்னு இங்க வந்துட்டனுங்க."

கண்ணாடிக்குக் கீழே ஆபரேஷன் செய்த கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு கிழவர் வெயிலில் நின்றிருக்கிறார், வேலைக்கு வந்தவர்கள் வேலையை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காகப் பிடித்துவைத்த கரண்ட்டை நான் ஒரு துளிகூடப் பயன்படுத்தவில்லை. அமுக்கியிருந்தாலாவது, இதற்காகத்தான் நின்றார்கள் என்று ஒரு நியாயம் இருந்திருக்கும்.

மூத்தவர் பெட்டியைத் திறந்து கரண்ட்டை நிறுத்தினார். லிஃப்ட் நின்றுவிட்டதால் படியேறினோம். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவர் கேட்டார்:

"நல்லபடியா முடிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?"

அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். நல்லபடியா என்ற அந்த வார்த்தையில்தான் நான் உடைந்து போனேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீட்டிங் இல்லை, இன்றைக்கு மட்டுமல்ல, எந்த நாளும் இல்லை, வேலை போய்ப் பல மாதமாகிறது, நாளைக்கு ஒரு பரீட்சை, அதற்காக ஒரு பட்டனை அமுக்குவதா வேண்டாமா என்றுதான் உள்ளே உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மணிக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் யோசித்தது என்னைப் பற்றியே அல்ல.

"அப்ப அந்தத் தம்பிங்ககிட்ட நான் பொய் சொல்லிப்போட்டனுங்களா மாப்பிள்ளை?"

அவர் திரும்பிக் கீழே இறங்க ஆரம்பித்தார். "மாமா, வெயிலுங்க, கண்ணு கெட்டுப்போயிருமுங்க," என்று பின்னாலேயே போனேன். கேட்கவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனார். ஒருவர் ஏணியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் கீழே விழும் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அந்த மூத்தவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் குவித்தார். அவர் வயதுக்கு அந்த ஆள் மகன் மாதிரி.

"தம்பி, நான் சொன்னது தப்புங்க. மீட்டிங்குன்னு சொன்னனில்லீங்களா..."

அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. மீட்டிங் இல்லை என்று சொன்னால் மாப்பிள்ளையின் மானம் போகும், சொல்லாவிட்டால் பொய் அப்படியே நிற்கும். குவித்த கையோடு நின்றார். வெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நான் முன்னால் வந்தேன். "அவரு மேல தப்பில்லீங்க. நாந்தான் அவருகிட்ட அப்பிடிச் சொன்னனுங்க. எனக்கு மீட்டிங் எதுவும் இல்லீங்க. வேலையே இல்லீங்க."

மூத்தவர் பிடரியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப உள்ள என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அமுத்தறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருந்தனுங்க. நடுவால கரண்ட் போனா மெஷினு செத்துப்போயிருமுங்க."

ஏணியில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கெட்ட சிரிப்பு இல்லை. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் வெட்டி முடிச்சிருப்பமுங்களே சார்," என்றார் மூத்தவர். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. முடிச்சுட்டுக் கரண்டக் குடுத்துட்டு நாங்க இங்கிருந்து கை காட்டறமுங்க. அதுக்கப்புறம் அமுத்துங்க. இன்னைக்கு மறுபடி புடுங்கமாட்டமுங்க," என்றார்.

மேலே வந்தோம். மாமாவுக்குக் கண்ணில் மருந்து விட்டேன். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. "பரவால்லீங்க மாப்பிள்ளை," என்றார். கரண்ட் வந்ததும் அவர் பால்கனியில் போய் நின்றார். நான் அறைக்குள் மறுபடி அந்த நீலத்திரைக்குப் போய், அம்புக்குறியை ஆமாம் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"கை காட்டறாங்க மாப்பிள்ளை, அமுத்துங்க!" என்று குரல் கொடுத்தார்.

அமுக்கினேன். அவர் வந்து என் பின்னால் நின்றார். இவ்வளவு நாள் அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. திரையில் ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. பாதியில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தபோது என் தோள்பட்டையில் அவர் கை விழுந்தது. தெரியாமல் வைத்தவர்போல உடனே எடுத்துக்கொண்டார். கோடு முடிந்து, திரை கறுத்து, நான் செத்தேன் என்று நினைத்த நேரத்தில் மெஷின் ஒரு தடவை பீப் என்று கத்திவிட்டு உயிரோடு எழுந்தது.

"இவ்வளவு கண்டமிருக்குதுங்களா இதுல?" என்றார் மாமா. "அப்ப நீங்க யோசிச்சது சரிதானுங்க."

அந்தச் சமாதானத்துக்கு நான் கொஞ்சமும் தகுதியானவன் இல்லை.

பரீட்சையை மறுநாள் எழுதினேன். மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. வெகுநாள் கழித்து வேறொன்று கிடைத்தது, சம்பளம் குறைவு. அதெல்லாம் இங்கே பேச்சில்லை. நான் சொல்லவந்தது அன்றைய சாயங்காலத்தை.

மனைவி வந்ததும் அப்பாவின் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். மாமா வாயைத் திறக்கவில்லை. நான்தான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், யெஸ் யெஸ் உட்பட. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் தலையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் மருந்து விட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் அறையில் உட்கார்ந்து மறுநாளுக்கு வேண்டியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் இந்தக் கதவைச் சாத்துவதில்லை என்று மனதுக்குள் ஒரு பெரிய தீர்மானம் எடுத்து, அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மாமாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவருடைய அண்ணன். காது மந்தமானவர், கத்தித்தான் பேசுவார் என்பதால் மாமா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவரோடு பேசுவார். கண் எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், தோட்டத்தில் மழையுண்டா என்றெல்லாம் பேசினார்கள்.

"மாப்பிள்ளை எங்க? குடு, ஒரு வார்த்தை பேசிப்போடறேன்," என்று அண்ணன் கேட்டார்.

மாமா நிமிர்ந்தார். ஹாலில் அவர் இருந்த இடத்திலிருந்து திறந்த கதவு வழியாக நான் நன்றாகத் தெரிவேன். நானும் அவரைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆட்களிடம் தெரியாமல் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப எடுப்பதற்காக, புண்ணான கண்ணோடு உச்சி வெயிலில் திரும்பிப் போனவர் அவர். போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கப்போகிறார், நானே சொல்லட்டும் என்று விடப்போகிறார் என்று நினைத்தேன். அதுதான் நியாயமும்கூட. நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். சிவந்த கண்ணால் தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மீட்டிங்ல இருக்காருங்கண்ணா," என்றார்.

நான் எழுந்துபோய், சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தினேன்.